காதுக்குள் கேட்கும் அந்த ‘டொம் டொம்’

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 36 வயது. திங்கள்சந்தை பக்கம் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் குவைத்தில் இருக்கிறார். பூஜை லீவுக்குப் பிள்ளைகளைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப் போனேன். வந்த மறுநாளே தடுமன் பிடித்தது. மூன்றாம் நாள் வலது காது குத்த ஆரம்பித்தது. மாமியார் பூண்டு தட்டிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டார். வலி கூடத்தான் செய்தது. டாக்டரிடம் போனேன். இரண்டு நிமிடம் பார்த்து, ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அன்று ராத்திரி காதுக்குள் ஏதோ தெறித்தது போலிருந்தது. காலையில் தலையணை உறையில் ரத்தம் கலந்த சீழ். வலி குறைந்துவிட்டது. ஆனால் இப்போது ஆறு நாளாகக் காது அடைத்துக் கிடக்கிறது, குடத்துக்குள் தலையை விட்டது மாதிரி. ராத்திரி படுத்தால் உள்ளே டொம் டொம் என்று அடிக்கிறது. சொட்டு மருந்து விட்டதும் வீடே சுற்றுகிறது, தொண்டையில் கசக்கிறது. அந்தப் பக்கம் தலைவலி வேறு. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன உருண்டை தட்டுப்படுகிறது, தொட்டால் வலிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா அவருடைய சொந்தத்தில் ஒருவருக்குக் காதுச் சீழ் மூளைக்குப் போனதாகச் சொன்னார். போனில் தேடிப் பார்த்தேன், அன்றிலிருந்து தூக்கமே இல்லை. கணவர் ‘ஸ்கேன் எடு, ஸ்கேன் எடு’ என்கிறார். சின்ன வயதில் இந்தக் காது அடிக்கடி ஒழுகும், அதனால் எனக்குக் காதுத் தொந்தரவு புதிதல்ல. ஆனால் இந்த மாதிரி பயந்ததில்லை. இது மூளைக்குப் போய்விடுமா? காது திரும்பக் கேட்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பயப்படுகிற விஷயங்களில் அநேகமாக எதுவும் என்னைப் பயமுறுத்தவில்லை. நீங்கள் பயப்படாமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் உங்கள் காதைப் பார்க்கவில்லை. காது சமாச்சாரத்தில் பார்ப்பதுதான் முக்கால்வாசி வைத்தியம். அதனால் நான் எழுதுவது உங்களுக்குள் நடந்திருக்கக்கூடியதன் விளக்கம். அதை ஒரு டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டால் கணக்கு முடிந்தது.

அன்று ராத்திரி தெறித்தது உங்கள் செவிப்பறை. காதுத் துவாரத்திலிருந்து உள்ளே சுமார் இரண்டரை செ.மீ. போனால் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நீங்கள் சட்டைக்குத் தைக்கிற பித்தானைவிடக் கொஞ்சம் சின்னது. கனம் 0.1 மி.மீ. அளவுதான். அதற்கு அந்தப் பக்கம் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை, அதைத்தான் நடுக்காது என்கிறோம். அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. தடுமன் பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். அறைக்குள் நீர் கோத்து, கிருமி புகுந்து, சீழாகிவிடும். வெளியேற வழியில்லாத சீழ் செவிப்பறையை முட்டித் தள்ளும்போது வருகிற வலி இருக்கிறதே, அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். சவ்வு தாங்காமல் ஓர் இடத்தில் கிழியும். ரத்தம் கலந்த சீழ் கொட்டும். அடுத்த நிமிடமே வலி இறங்கிவிடும்.

தலையணையில் ரத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காலையில் நடந்தது ஒரு விதத்தில் நல்லது. உள்ளே போக்கிடம் இல்லாமல் நின்றது வெளியே வழி பார்த்துக்கொண்டது. பழைய காலத்தில் செவிப்பறை தானாக உடையாவிட்டால் டாக்டர்களே சின்னதாகக் கீறி விடுவார்கள், இன்றைக்கும் சில சமயம் செய்கிறோம். இப்படித் தெறித்த சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும்.

இனி உங்கள் ‘டொம் டொம்’. கையை நாடியில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே தாளத்தில் போகும். அது உங்கள் இதயத் துடிப்பு. காதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, கிருமி தொற்றிய இடத்தில் ரத்த ஓட்டம் கூடும். அந்தச் சத்தம் எப்போதுமே இருப்பதுதான், வெளிச் சத்தம் அதை மூடி வைத்திருக்கும். இப்போது வெளிச் சத்தம் உள்ளே வரும் வழி அடைத்துவிட்டதால் உள்சத்தம் பெரிதாகக் கேட்கிறது. விரலால் காதைப் பொத்திக்கொண்டு முறுக்கு கடித்தால் தலைக்குள்ளே கல் உடைப்பது போல் கேட்குமே, அதே கதைதான். ராத்திரியில் ஏன் கூடுகிறது என்றால், வலது காது வலிக்கிறது என்று நீங்கள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நல்ல காது தலையணையில் புதைந்துவிட்டது, கெட்ட காது அடைத்துக் கிடக்கிறது. உலகத்தில் மிச்சம் இருப்பது உங்கள் நாடி மட்டும். இரண்டு தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுங்கள். ஃபேன் சத்தம் இருக்கட்டும். ஐப்பசி மழை ஓட்டில் விழுகிற சத்தமும் உங்களுக்கு நல்ல மருந்துதான். காது முழுதாக ஆறி, சில வாரம் கழித்தும் இந்தத் துடிப்பு நிற்காவிட்டால் அப்போது சொல்லுங்கள், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சொட்டு மருந்து விட்டதும் வீடு சுற்றுவது நான் தினமும் கேட்கிற புகார். பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பிரிட்ஜ் கதவிலா? இந்த ஈரக் காலத்தில் அலமாரியில் இருந்தாலும் மருந்து உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். நமக்கு நிலை தடுமாறாமல் இருக்க உதவும் அரைவட்டக் குழாய்கள் நடுக்காதுக்கு ஒட்டியே இருக்கின்றன. அவற்றுக்குள் நீர் இருக்கிறது. பக்கத்தில் குளிர்ந்த மருந்து பட்டால் அந்த நீர் நகரும். மூளை அதைத் தலை சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளும். நாங்களே நோயாளிகளின் காதில் வேண்டுமென்றே குளிர்ந்த நீரோ காற்றோ செலுத்தி இந்தச் சுற்றலை உண்டாக்கி, அரைவட்டக் குழாய் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்போம். ஆக, உங்களுக்குச் சுற்றுவது அந்த உறுப்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம்! பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து, அதன்பிறகு விடுங்கள். அடுப்பிலோ வெந்நீரிலோ சுட வைக்க வேண்டாம். இடது பக்கம் படுத்துக்கொண்டு, காது மடலைப் பின்னும் மேலுமாக இழுத்து, சொட்டை விட்டு, துவாரத்துக்கு முன்னால் கதவு மாதிரி இருக்கிற சின்ன மடலை நாலைந்து தடவை மெல்ல அமுக்குங்கள். ஐந்து நிமிடம் அப்படியே கிடந்துவிட்டு மெதுவாக எழுந்திருங்கள்.

தொண்டையில் கசப்பதும் இதே வழியில் வருவதுதான். செவிப்பறையில் ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் மூக்குக்குப் போகிற குழாய். மருந்து அந்த வழியே இறங்கித் தொண்டையை எட்டுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, அந்தக் குழாயும் திறக்க ஆரம்பித்திருக்கிறது. ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள், பாட்டிலில் உள்ள பெயரைப் படியுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை என்றால் சரி, ஓட்டை உள்ள காதுக்கு ஏற்றவை. ஜென்டாமைசின், நியோமைசின் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே உங்கள் டாக்டருக்கு போன் செய்து, ‘காது தெறித்துவிட்டது, இதையே தொடரலாமா?’ என்று கேளுங்கள். அவர் எழுதித் தந்தபோது சவ்வு கிழியவில்லை, அதனால் அவருக்கு இது தெரியாது. அழுக்கு கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் இப்போது கூடாது. பிள்ளைக்குப் போன வருடம் வாங்கிய பாட்டில் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

படுக்கையிலிருந்து எழுந்தால் தலை கிறங்குவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு நாள் தூக்கம் கெட்டு, கஞ்சியும் கட்டன்சாயாவுமாக ஓட்டிக்கொண்டிருக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும். அதற்கும் காதுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஒருவேளை நாக்கின் வலது பாதியில் ருசி மாறி, இரும்பைத் தொட்டது போல் இருந்தாலும் திகைக்க வேண்டாம். நாக்குக்கு ருசி கொண்டுவரும் ஒரு நரம்பு செவிப்பறையின் பின்னால் குறுக்கே ஓடுகிறது. பக்கத்து வீட்டில் தீ பிடித்தால் இவனுக்கும் புகை அடிக்குமல்லவா?

தலைவலிக்கு வருவோம். காதின் முன்பக்கம் தாடை மூட்டு இருக்கிறது, மேலே பொட்டுத் தசை. காது வலிக்கும்போது நாம் அறியாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். கூடவே குனிந்து தைக்கிற வேலை. பாரசிட்டமால் 650 மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு, ஆறு ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தால் அடங்குகிற தலைவலியைக் கண்டு நான் பயப்பட மாட்டேன். (கல்லீரல் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.)

காதுக்குப் பின்னால் இருக்கிற உருண்டைதான் உங்களை அதிகம் ஆட்டி வைக்கிறது, கடிதத்தின் எழுத்தே அங்கே கோணலாகிறது. விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். பட்டாணி அளவில், துணி மடிப்புக்குள் அகப்பட்ட பித்தான் மாதிரி தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? அது நெறிகட்டி. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதேதான். காதுக்கு அது காவல்காரன். தொற்று போன பிறகும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். ‘தொட்டால் வலிக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடுகிறீர்கள்? நல்ல இடத்தையே இருபது தடவை அமுக்கினால் மறுநாள் வலிக்கும். நான் சொல்வதை நம்பாவிட்டால் முழங்கையில் செய்து பாருங்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. மாமியாரை உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நேராக உட்காருங்கள். இரண்டு காது மடலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கிறதா, இல்லை வலது மடல் மட்டும் முன்னாலும் கீழேயும் தள்ளி விடைத்து நிற்கிறதா? மடலுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும், மூக்குக் கண்ணாடியின் கம்பி உட்காருகிற இடம். அந்த மடிப்பு தெரிகிறதா, அல்லது வீங்கி நிரம்பிவிட்டதா? பின்னால் உள்ள எலும்பு மேல் தோல் சிவந்து சூடாக இருக்கிறதா? இப்படி ஏதாவது இருந்தால் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குள் சீழ் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மாமியார் பார்க்கட்டும். உங்கள் விரலுக்கு அங்கே வேலை இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவைப் பொய்க்காரி என்று நான் சொல்லவில்லை. நடுக்காதின் கூரைக்கு மேலேதான் மூளை இருக்கிறது, நடுவில் உள்ள எலும்புத் தகடு மெல்லியது. 1940களில் பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் காதுச் சீழ் எலும்புக்கும் மூளைக்கும் போவது டாக்டர்கள் சர்வசாதாரணமாகப் பார்த்த ஒன்று. இன்றைக்கு அபூர்வம், ஆனால் இல்லாமல் போகவில்லை. அப்படி வருகிறவர்களில் பலர் நீங்கள் சொல்கிற மாதிரி திடீர் வலியோடு வந்தவர்கள் அல்ல. வருடக்கணக்கில் வலியே இல்லாமல் நாற்றத்தோடு காது ஒழுகி, ‘இது பழகிப் போச்சு’ என்று பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தவர்கள்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரி. ‘சின்ன வயதில் இந்தக் காது அடிக்கடி ஒழுகும், புதிதல்ல.’

செவிப்பறை முழுசாக இருக்கிறவர்கள் திற்பரப்பில் நாள் முழுக்க நின்றாலும் அருவித் தண்ணீர் நடுக்காதுக்குள் போகாது. வெளித் துவாரத்தில் ஈரம் தங்கி அரிப்போ பூஞ்சையோ வரலாம், அவ்வளவுதான். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற நம் குமரி மாவட்டத்தில் காதுப் பூஞ்சைக்குக் குறைவே இல்லை, அதிலும் எண்ணெய் விட்ட காது என்றால் பூஞ்சைக்குப் பாய் விரித்த மாதிரி. ஆனால் செவிப்பறையில் பழைய ஓட்டை இருந்தால் கதை மாறும். அருவி நீர் நேராக உள்ளே போகும். உங்களுக்கு எது நடந்தது? வலி அவ்வளவு கடுமையாக இருந்து, பிறகு தெறித்து, உடனே குறைந்ததை வைத்துப் பார்த்தால் சவ்வு மூடித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஓட்டை இருந்தால் சீழ் முதலிலேயே வழிந்திருக்கும், இவ்வளவு வலித்திருக்காது. ஒருவேளை சின்ன வயதில் ஓட்டை விழுந்து, மெல்லிய ஒட்டுப் போட்டது போல் மூடியிருக்கலாம். ஒட்டுப் போட்ட துணி எங்கே கிழியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு. சில காதுகளில் சவ்வின் மேல்பகுதி உள்ளே குழிந்து பை போலாகி, தோல் செதில்கள் அதில் சேர்ந்து சேர்ந்து கட்டியாகும். புற்று அல்ல, ஆனால் பக்கத்து எலும்பை மெல்ல அரிக்கும். அதற்கு மாத்திரை கிடையாது, அறுவை சிகிச்சைதான். நீங்கள் அந்த வகை என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறேன். சீழ் நிற்கிற வரை செவிப்பறை தெளிவாகத் தெரியாது. அதனால் இப்போது ஒரு தடவை, சீழ் நின்று இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை, காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவரிடம் போங்கள். மைக்ராஸ்கோப்பிலோ எண்டாஸ்கோப்பிலோ பார்க்கச் சொல்லுங்கள். எண்டாஸ்கோப் என்றால் திரையில் நீங்களும் பார்க்கலாம். தன் செவிப்பறையைத் தானே பார்த்தவர்கள் பாதிப் பயத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கேள்திறன் சோதனையும் அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

குவைத்தில் இருக்கிறவருக்குச் சொல்லுங்கள்: இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். தூரத்தில் இருக்கிறவருக்கு எதையாவது செய்தாக வேண்டும் போலிருக்கும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணக் காதுத் தொற்றில் ஸ்கேன் எடுத்தால் ‘உள்ளே நீர் இருக்கிறது, எலும்பு அறைகளில் மங்கல்’ என்று ரிப்போர்ட் வரும். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிற உங்களுக்கோ இன்னும் நாலு ராத்திரி தூக்கம் போகும். நான் கீழே சொல்கிற அடையாளங்களில் ஒன்று இருந்தாலோ, மைக்ராஸ்கோப்பில் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்தாலோ எடுத்துக்கொள்ளலாம்.

காது திரும்பக் கேட்குமா? ஒரு சின்னச் சோதனை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? அடைத்த வலது காதில் என்றால் நல்ல சேதி. சத்தம் போகிற பாதையில்தான் அடைப்பு, நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்கிற சோதனையின் வீட்டுப் பதிப்பு இது. பாதை அடைப்பு நீர் வற்ற வற்றத் திறக்கும். நாலு, ஆறு வாரம் ஆகலாம், சிலருக்கு மூன்று மாதமும் ஆவதுண்டு. மாறாக, முனகல் நல்ல காதில் மட்டும் கேட்டு, வலது காது முழுக்கச் செத்தது போல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், மறுநாளே நிபுணரிடம் போங்கள். நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்க் கேள்குறைவுக்கு மருந்து முதல் சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம்.

இனி, நிஜமாகவே பயப்பட வேண்டியவை. காதுக்குப் பின்னால் வீக்கத்தைச் சொல்லிவிட்டேன். முகம் ஒரு பக்கம் இழுப்பது, கண் மூட முடியாமல் போவது, கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயோரம் வழிவது. சொட்டு மருந்துக்குச் சம்பந்தமில்லாமல் மணிக்கணக்காக அறை சுற்றி வாந்தி எடுப்பது. மாத்திரை போட்டு இரண்டு மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சல், அதிலும் உடம்பு தூக்கிப் போடுகிற குளிர்க்காய்ச்சல். மாத்திரைக்கு அடங்காமல் நாளுக்கு நாள் ஏறுகிற தலைவலி, கூடவே கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, வெளிச்சம் கண்ணில் குத்துவது. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது. பேச்சு குழறல், ஆளை மறந்து பேசுவது, வலிப்பு. இதில் ஒன்று வந்தாலும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரம் காலம் பார்க்காதீர்கள். 108 கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோ பிடியுங்கள். உங்களுக்குத் தக்கலை அரசு மருத்துவமனை பக்கம். அங்கிருந்து தேவையென்றால் ஆசாரிபள்ளத்துக்கு அனுப்புவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ராத்திரி தூங்கவிடாமல் வாரக்கணக்கில் தொடர்கிற காதுவலி. உங்களுக்குச் சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாகிறது? கடிதத்தில் இல்லை. ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலையும் என் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்களுடையது எதுவும் என்னுடையதில் இல்லை. போனில் தேடும்போது இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அளவு எழுத்தில் காட்டுவதுதான் சிக்கல்.

சிரிக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். சில வருடம் முன்னால் எனக்கே நடுக்காதுத் தொற்று வந்தது. ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவன். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகநரம்பு வேலை செய்கிறதா என்று. மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். மறுநாள் என் ஜூனியரைத்தான் காதைப் பார்க்கச் சொன்னேன். ‘சார், உடைஞ்சிருக்கு, சீழ் நல்லா வடியுது’ என்றான். எனக்குத் தெரியாத எதையும் அவன் சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி தூங்கினேன். இன்னொருவர் பார்த்துச் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். உங்களை இரண்டு நிமிடத்தில் பார்த்தனுப்பிய டாக்டர் மருந்தைச் சரியாகத்தான் எழுதியிருப்பார். ‘இது தெறிக்கலாம், தெறித்தால் ரத்தம் வரும், பயப்படாதே’ என்கிற ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டார். அது எங்கள் தொழிலில் உள்ள குறை, வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது நானும் விட்டிருக்கிறேன்.

மாமியாரிடம் எண்ணெய் மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பாசத்தில் செய்ததுதான், என் அம்மாவும் செய்திருக்கிறார். முன்பு செய்தது போகட்டும், இப்போது ஓட்டை இருக்கிற காது. எண்ணெயோ, பூண்டுச் சாறோ, தண்ணீரோ எதுவும் உள்ளே போகக் கூடாது. பட்ஸ், கொண்டை ஊசி, கோழி இறகு எல்லாம் தள்ளி இருக்கட்டும். வழிகிற சீழைத் துடைக்கச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரி மாதிரி முறுக்கி, துவாரத்தின் வாயில் மட்டும் ஒற்றி எடுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். அதற்குத் துணி உங்கள் கடையில் பஞ்சமிருக்காது. நாள் முழுக்கப் பஞ்சை அடைத்து வைத்தால் சீழ் உள்ளேயே ஊறும். குளிக்கும்போது மட்டும் பஞ்சில் வாசலின் தடவி வாயில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மூக்கை ஓங்கிச் சிந்த வேண்டாம், ஒரு பக்கமாக மெல்லச் சிந்துங்கள். அருவி, குளம், கடல் மூன்றும் ஓட்டை மூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிற வரை கிடையாது. பிள்ளைகள் கேட்டால் கரையில் உட்கார்ந்து துணி பிடியுங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாமல், எழுதித் தந்த நாள் கணக்குக்கு முடியுங்கள்.

நிபுணரிடம் போகும்போது சொட்டு மருந்து பாட்டிலையும் பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள். அங்கே உட்கார்ந்ததும் ‘டொம் டொம்’மிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடக்கூடும். ‘சின்ன வயதில் இந்தக் காது ஒழுகியிருக்கிறது, எட்டு வயதா பத்து வயதா, எத்தனை வருடம் ஒழுகியது, நாற்றம் இருந்ததா’ என்று முதலில் அதைச் சொல்லுங்கள். அம்மா இருந்தால் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத்தான் நினைவிருக்கும்.